மலிவு யார் கணக்கில்?

ராஜஸ்தானில் ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்குச் சுமார் 280 கிலோமீட்டர். ரயில் உண்டு. இருந்தாலும் பகலில் ஓடும் அரசுப் பேருந்தில் போவதுதான் எனக்குப் பிடிக்கும். ஜன்னலைத் திறந்தால் மணல், மூடினால் புழுக்கம். ராம்தேவ்ரா கோயிலுக்குப் போகிறவர்கள் வழியிலுள்ள பொக்ரான் வரை மூட்டை முடிச்சோடு வருவார்கள். அப்படி ஏறிய தலைப்பாகைக்காரப் பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டிலில் இருந்து ஒரு மூடி அளவு தண்ணீரை எடுத்துத் துண்டு நுனியை நனைத்தார், பேரனின் முகத்தைத் துடைத்தார், அதே ஈரத்தில் தன் கண்களையும் ஒற்றிக்கொண்டார். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

செலவைச் சுருக்கி ஊர் சுற்றும் எங்களிடமும் சிக்கனம் உண்டு. இவ்வளவு ரூபாயில் பாலைவனத்தையே பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமிதம். பேருந்தைப் பொறுத்தவரை அது நியாயம்தான். எப்படியும் ஓடப்போகிற வண்டி, பேரத்துக்கு இடமில்லாத கட்டணம். என்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஊரில் இறங்கிய பிறகுதான் கணக்கு சிக்கலாகிறது. ஜெய்சல்மேரில் அடிமாட்டு விலைக்கு அறை கிடைக்கும். விட்டதை ஒட்டகச் சவாரியில் பிடிக்கப் பார்க்கும் விடுதிகள் உண்டு. பயணி அங்கேயும் பேரம் பேசிக் குறைத்துவிட்டால், கை வைக்கப்படுவது ஒட்டகக்காரரின் கூலியில். அவர் யாரிடம் போய்ப் பேரம் பேசுவார்?

ஜெய்சல்மேர் கோட்டையின் கதை இன்னும் கனமானது. 1156இல் மன்னர் ராவல் ஜெய்சல் குன்றின் மேல் எழுப்பத் தொடங்கிய கோட்டை. இன்றும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. ஆண்டு முழுக்கவும் மழை மிகக் குறைவாகவே பெய்கிற ஊர் அது. குடத்தில் தண்ணீர் சுமந்து வாழ்ந்த மக்களின் குன்று. பிறகு குழாய் வந்தது, விடுதிகள் வந்தன, அறைக்கு அறை குளியலறை வந்தது. கழிவுநீர் குன்றுக்குள் கசிந்து அடிமண்ணை இளக்கியது. கொத்தளங்கள் சில சரிந்தே போயின. 2013இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டைக்கு இந்த நிலை. மலிவான அறையின் பில்லில் அந்தக் கல்லின் விலை சேர்வதில்லை.

ஆகவே நான் கோட்டைக்கு வெளியே, கீழே உள்ள ஊரில் தங்குகிறேன். ஒரு வாளித் தண்ணீரோடு குளியலை முடித்துக்கொள்கிறேன். ஒட்டகக்காரர் கேட்கும் கூலியைக் கொடுத்துவிடுகிறேன். மிச்சம் பிடிப்பதென்றால் என் சௌகரியத்தில், என் தூக்கத்தில் பிடிக்கலாம். இன்னொருவர் தட்டில் கை வைத்து வேண்டாம்.

இதிலும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கிற ஒன்றிரண்டு அறையை வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற குடும்பத்துக்கு என் கொள்கையால் என்ன பயன்? குன்றைக் காப்பாற்றுகிறேன் என்று அவர்கள் வருமானத்தைத் தட்டிவிடுவதும் சரியாகப் படவில்லை. அதனால் பகல் சாப்பாட்டை மட்டும் கோட்டைக்குள் வைத்துக்கொள்கிறேன். கம்பு ரொட்டி, கேர் சாங்க்ரி என்கிற பாலைவனக் கறி, ஒரு டம்ளர் மோர். அங்கே விலையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்பதில்லை.