சண்டை முடியட்டும்

யுத்த காலத்தில் ஊழலைப் பற்றிப் பேசாதே என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஊழலில் பங்கு பெற்றவர்கள் அல்ல. பெரும்பாலோர் நல்லவர்கள். எல்லையில் ஒருவன் பனியில் நின்றுகொண்டிருக்கும்போது, பின்னால் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, ஜீப்புக்கு என்ன விலை கொடுத்தாய் என்று கேட்பது அவர்களுக்கு அசிங்கமாகப் படுகிறது. இந்தக் கூச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அது யாருக்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சிறு பிரதி உண்டு. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் 'சீசன் முடியட்டும்' என்பார்கள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது என்பது விதி. நாக்பூரிலிருந்து வந்த உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் உள்குத்தகையில் பலர் கைக்குப் போயிருக்கும். இது தெரியாதவர் இங்கே யாருமில்லை. கேட்டால், ஜனங்கள் வயிற்றில் அடிக்காதே என்று பதில் வரும். 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் முப்பது பேருக்கும் மேல் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12ல் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். இரண்டு முறையும் புகை அடங்கிய பிறகுதான் பதிவேட்டைப் பற்றிய பேச்சு எழுந்தது. பிப்ரவரி சீசன்கூட இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

தேசங்களின் யுத்தத்துக்கு வருகிறேன். இந்தியாவில் ஊழலை விசாரிக்க ஏற்பட்ட ஸ்தாபனமே யுத்தத்தில் பிறந்ததுதான். 1941ல், யுத்தக் கொள்முதலில் லஞ்சம் பெருகிவிட்டதைக் கண்ட பிரிட்டிஷ் சர்க்கார் தனிப் போலீஸ் அமைப்பு ஒன்றை உண்டாக்கிற்று. அதன் வாரிசுதான் 1963ல் சி.பி.ஐ. ஆயிற்று. அதே 1941ல் அமெரிக்காவில் செனட்டர் ட்ரூமன் தலைமையில் ஒரு குழு ராணுவ ஒப்பந்தங்களைத் துருவ ஆரம்பித்து, யுத்தம் நடந்த வருஷங்கள் முழுவதும் துருவிக்கொண்டே இருந்தது. நம் கே. சந்தானம் குழு 1962ல் நியமிக்கப்பட்டு 1964ல் அறிக்கை தந்தது; நடுவில் சீன யுத்தம் வந்து போயிற்று, குழுவை யாரும் கலைக்கவில்லை. இவர்களெல்லாம் தர்மிஷ்டர்கள் என்பதல்ல. மட்டமான தளவாடம் தன் சிப்பாயையே கொல்லும் என்ற கணக்கு ஆள்கிறவனுக்குத் தெரிந்திருந்தது.

மறுபக்கமும் உண்டு. 1948ல் காஷ்மீர்ச் சண்டையின்போது, லண்டனில் ஹைகமிஷனராயிருந்த வி.கே. கிருஷ்ண மேனன் மூலம் ஜீப்புகள் வாங்க ஒப்பந்தமாயிற்று. கேட்டதில் சிறு பகுதியே வந்து சேர்ந்தது. 1955ல், சண்டை ஓய்ந்து ஆறு வருஷங்களுக்குப் பிறகு, விவகாரம் முடிந்துவிட்டதென்று அரசாங்கம் அறிவித்தது. மறு வருஷம் மேனன் மந்திரி. அவர் காசு எடுத்தார் என்று எந்தக் கோர்ட்டும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. சண்டையின்போது அகாலமாயிருந்த கேள்வி, சண்டைக்குப் பின் பழங்கதையாகிவிட்டது. அது கேட்கப்படுவதற்கான நாள் எது?

எதிரி பயன்படுத்திக்கொள்வான் என்ற வாதத்துக்குக் கீவ் நகரத்து ஜனங்கள் பதில் சொல்லிவிட்டார்கள். 2025 ஜூலை 22ல், ஊழலை விசாரிக்கும் இரண்டு அமைப்புகளின் சுதந்திரத்தைப் பறித்து உக்ரைன் ஒரு சட்டம் செய்தது. ரஷ்யச் செல்வாக்கைக் களையவே என்றது அரசு. குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில் இளைஞர்கள் அட்டைகளில் எழுதிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 31ல் சுதந்திரம் திருப்பித் தரப்பட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் சுலபம். ஊழலற்ற யுத்தம் நல்ல யுத்தம் என்ற எண்ணம் இதற்கெல்லாம் அடியில் கிடக்கிறது. ஒரு தமிழனால் அங்கே நின்றுவிட முடியாது.

2006ல் இலங்கை அரசு உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27 விமானங்கள் வாங்கிற்று. அந்தக் கொள்முதலின் விலையையும் பணம் போன வழியையும் கேள்விக்குள்ளாக்கி எழுதியது லசந்த விக்கிரமதுங்கவின் 'சண்டே லீடர்'. பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ மானநஷ்ட வழக்குப் போட்டார். 2009 ஜனவரி 2ல் கிளிநொச்சி விழுந்தது. ஜனவரி 8ல், கொழும்புப் பக்கத்தில், பட்டப்பகலில் லசந்த கொல்லப்பட்டார்.

அந்த விமானங்கள் யார் தலைமேல் பறந்தன என்பது தெரிந்ததுதான். ஆகவே நான் கேட்டுக்கொள்கிறேன்: கமிஷன் இல்லாமல், நியாய விலைக்கு வாங்கியிருந்தால் அந்தக் குண்டுகள் சுத்தமாகியிருக்குமா? மிச்சம் பிடித்த டாலரில் இன்னொரு விமானம் வந்திருக்கும். அப்படியானால் கொல்ல வருகிற அரசின் பணப்பெட்டி திருடு போவதில் நமக்கென்ன நஷ்டம்? நண்பர்கள் சிலர் இப்படித்தான் கேட்கிறார்கள். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனாலும் அது தவறு என்று நினைக்கிறேன்.

லசந்த புலிகளையும் கண்டித்தவர். தமிழ்க் குடிமக்கள்மேல் குண்டு போடுவதையும் கண்டித்தவர். விமானத்தின் விலையைக் கேட்ட புத்திக்கும் விழுந்த பிணத்தை எண்ணக்கூடிய புத்திக்கும் நடுவில் சுவர் இல்லை. அவர் செத்த பிறகு, வன்னியில் இருப்பவர்கள் சுமார் எழுபதாயிரம் பேர்தான் என்று அரசு சொல்லிற்று. உணவும் மருந்தும் அந்தக் கணக்கை வைத்தே மறுக்கப்பட்டன. மே மாதத்துக்குப் பிறகு முகாம்களில் அடைபட்டவர்கள் மட்டும் மூன்று லட்சத்தை நெருங்கினார்கள். சாமானியர் யாரும் சாகவில்லை என்று அரசு சாதித்துக்கொண்டிருந்தபோது, நாற்பதாயிரம் பேர்வரை செத்திருக்கலாம் என்றது 2011ல் ஐ.நா. நிபுணர் குழு. எழுபதாயிரம் என்ற அந்த எண் ஒரு பொய்ப் பற்றுச்சீட்டு. வவுச்சரில் பொய் எழுதிப் பழகிய கை எழுதியது. அதைப் பிடிக்கக்கூடிய மனிதர்களை ஜனவரியிலேயே பயமுறுத்தி முடித்தாகிவிட்டது.

நம் சிறுபத்திரிகை உலகில் கணக்கு என்றாலே குமாஸ்தா வேலை என்ற இளப்பம் உண்டு. 2009ல் எத்தனையோ கவிதைகள் எழுதினோம். சிலது நல்ல கவிதைகள்தான். வன்னியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அவற்றை வைத்து யாரும் நிரூபிக்க முடியாது. வெடித்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேரா பதினான்கு பேரா என்பதற்கும் இங்கே சாட்சி சொல்வது அநேகமாகச் சவக்கிடங்குதான்.

மிக் விசாரணை கொழும்பில் 2015க்குப் பிறகு மீண்டும் எடுக்கப்பட்டது. அப்போது சண்டை முடிந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. 2019ல் கோட்டாபய ஜனாதிபதியானார். லசந்தவைக் கொன்றதற்காக இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.