மழையிரவும் மனவமைதியும்

அச்சத்தினால் உறக்கம் இழந்தார்க்கு மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியொன்றைக் கற்பித்தல் நன்றோ தீதோ என வினவின், நன்றே என்று எவரும் கூறுவர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தேம். எமது எண்ணத்தை அசைத்தவர் நூல்பல கற்ற பண்டிதரல்லர். ஊவாவின் தேயிலைத் தோட்டமொன்றிற் கவ்வாத்து வெட்டும் தொழிலாளர் ஒருவர்.

எமது வகுப்பிலே ஒரு சிறுவன், ஐப்பசி கார்த்திகை மாதங்களில், முதற்பாடம் முடியுமுன்னரே மேசைமேற் கவிழ்ந்து உறங்கிவிடுவான். யாம் அவனைக் கடிந்தேம். ஒருநாள் பாடம் முடியுமட்டும் நிற்கவும் வைத்தேம். இதனை எழுதுங்கால் நாணுகின்றேம். காரணம் கேட்டபோது அவன் சொல்லியது இவ்வளவே: “ராத்திரி மழை பேஞ்சிச்சி சேர். மழை பேஞ்சா எங்க லயத்துல ஒருத்தரும் தூங்கமாட்டோம்.”

பதுளை மாவட்டத்தை அறியாத அன்பர்க்கு இவ்விடை விளங்காதிருக்கலாம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி காலை ஏழரை மணியளவில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயன்களை மூடிற்று. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டமையாற் பிழைத்தனர். அவருட் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் குடியிருப்புக்கு ஏலாதென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை இருந்தது, பெயர்ந்துபோய் வாழ நிலம் இல்லை. பிழைத்தோர் முதலிற் பாடசாலைகளிலும் பின்னர்த் தேயிலைத் தொழிற்சாலையொன்றிலும் ஒண்டியிருந்து, 2016இலேதான் புதுவீடு கண்டனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் இம்மாவட்டத்திற் பலவிடங்களில் மண் சரிந்து உயிர்களைக் கொண்டது. ஆகவே, தகரக் கூரைமேல் மழை விழுங்கால் எழுந்து உட்காரும் மக்களை நோயாளர் என்று சொல்லிவிடுதல் எளிதன்று.

எனினும் உறக்கமின்மை உடலை அரிப்பதென்பது மெய்யே. மாலையிற் பலமுறை குடிக்கும் தேத்தண்ணீர் அதனை மிகுவிக்கும். உறக்கத்தின்பொருட்டு ஆடவர் சிலர் நாடும் சாராயமோ முன்னிரவில் மயக்கிப் பின்னிரவில் எழுப்பிவிடும். மேனாட்டு வைத்தியர், உறக்கம் வாராவிடிற் படுக்கையை விட்டெழுந்து வேறோர் அறையிற் சிறிது இருந்து மீள்க என்பர். நல்ல அறிவுரையே, பத்தடிக்குப் பன்னீரடிக் காம்பராவில் அறுவர் படுத்திருக்குமிடத்து அவ்வேறோர் அறையை யாண்டுத் தேடுவது?

இந்நிலையிலேதான் மனவிழிப்புப் பயிற்சியை வகுப்பிற் கற்பிக்கத் துணிந்தேம். இப்பொழுது ‘மைண்ட்புல்னஸ்’ என்னும் பெயருடன் உலகெங்கும் உலவும் இப்பயிற்சி இத்தீவுக்குப் புதியதன்று. பாளிமொழிச் ‘சதி’ என்னுஞ் சொல்லுக்கு அவ்வாங்கிலச் சொல்லை 1881இல் வழங்கிய றைஸ் டேவிட்ஸ், முன்னர் இலங்கைச் சிவில் சேவையில் உத்தியோகம் பார்த்தவர். ஜெர்மனியிற் பிறந்து கண்டிக்காட்டில் வாழ்ந்த ஞானபோனிக தேரர் 1954இல் இத்தியானத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அமெரிக்காவில் ஜோன் கபட்-சின் என்பார் 1979இல் இதனை மசாசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியிற் புகுத்தினார். 2015இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து முதியோர் 49 பேரிடத்து நிகழ்த்திய சோதனை ஒன்றில், உறக்கப் பழக்கங்களைப் பற்றிப் பாடம் மாத்திரம் கேட்டோரினும் இதனை ஆறு வாரம் பயின்றோர் நன்கு உறங்கினர் என்று கண்டனர். சோதனை சிறிது, ஆயினும் புறக்கணிக்கத் தக்கதன்று.

இது பௌத்தர் வழியன்றோ, சைவர்க்கு எற்றுக்கு என்பாரும் உளர். மூச்சுக்குச் சமயம் இல்லை. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவர் மூச்சைப்பற்றித் தமிழர் பிறரிடம் கடன்படவேண்டியதில்லை என்று காண்பர். விரும்புவோர் மூச்சுடன் ஐந்தெழுத்தை இணைத்துக்கொள்க. இரண்டும் ஒன்றே என்று சாதிக்க யாம் வந்திலேம்.

பயிற்சி எளிது. மூச்சு உட்செல்வதையும் வெளிவருவதையும் அறிந்திருத்தல். மனம் ஓடியவழி, ஓடிற்று என்று அறிந்து, சினவாமல் மீட்டுக் கொணர்தல். உறங்கவேண்டுமென்னும் முயற்சியே உறக்கத்தைத் துரத்துவதாகலின், உறக்கத்தை இலக்காக வைத்தல் கூடாது. பிள்ளைகள் இதனை விரைவிற் கற்றனர். அச்சிறுவனும் இரவில் உறங்கத் தொடங்கினான். யாம் மகிழ்ந்திருக்கையில் அவன் தந்தையார் ஒருநாள் பாடசாலைக்கு வந்தார்.

“சேர், மூச்சப் பாக்கச் சொல்லிக் குடுத்தீங்க, பய நல்லாத் தூங்குறான். சந்தோசந்தான். ஆனா எல்லாருமே தூங்கிட்டா, மண்ணு வர்றப்ப எழுப்புறதுக்கு ஆளு வேணுமே?”

யாம் விடை சொல்லமாட்டாமல் நின்றேம்.

யாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே விவிலிய பாடத்திற் கேட்ட கதையொன்று அன்றிரவு நினைவில் வந்தது. புயலில் அகப்பட்ட படகிலே இயேசுநாதர் உறங்குகின்றார். அஞ்சிய சீடர்கள் அவரை எழுப்புகின்றனர். சீடர்கள் விசுவாசம் குன்றியவர் என்றே எமது ஆசிரியர் போதித்தார். ஆனால் எழுப்பினவர் அவர்களன்றோ! படகிற் புகுந்த நீரைக் கண்டவரும் அவர்களே.

நெடுநாள் எண்ணிப் பார்த்தவிடத்து யாம் கண்டது இது. மழையிரவில் ஒருவனை வருத்துவன இரண்டு. ஒன்று, மழை பெய்கின்றது என்னுஞ் செய்தி. மற்றது, அதன்மேற் சங்கிலியாய்த் தொடரும் நினைவுகள்: சென்ற ஆண்டு கேட்ட ஓசை, அயல்தோட்டத்துப் பிணங்கள், பிள்ளைகளின் எதிர்காலம். மனவிழிப்பு இரண்டாவதற்கே மருந்து. அதனை முதலாவதன்மேற் பூசுவோமாயின், காவல்நாய் குரைக்கின்றதென்று அதன் வாயைக் கட்டினவராவோம். பாதுகாப்பான மேட்டில், கல்வீட்டில் உறங்குகின்ற எம்போல்வார் மலைச்சரிவிற் கிடப்பாரை நோக்கி ‘அமைதி கொள்க’ என்பது பின்னும் கொடிது. காணி கொடுக்கவேண்டியவர்கள் காணிக்கு ஈடாக மூச்சுப்பயிற்சி கொடுப்பாராயின், அப்பயிற்சியை வேண்டாவென்று மறுத்தலே அறம் என்போம்.

ஆயினும், அஞ்சிக் கிடக்கும் மனமும் நல்ல காவலன் அன்று. நள்ளிரவு இரண்டு மணிக்கு அதன் செவியில் 40 மில்லிமீற்றர் மழையும் 140 மில்லிமீற்றர் மழையும் ஒன்றே. கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் கணக்கு வகுத்துள்ளனர்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பாயிருத்தல், 100 கடந்தாற் புறப்பட ஆயத்தமாதல், 150 கடந்தாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, வெளியேறுதல். நிலத்திற் புதுவெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனத் தோன்றும் அல்லது கலங்கும் ஊற்று என்பவற்றைக் காணின் கணக்குப் பார்த்து நில்லாமல் அகலவேண்டும். இவற்றை உள்ளவாறு பார்ப்பதற்கு வேண்டுவது, மூச்சைப் பார்க்கப் பழகிய அதே கண்தான்.

பக்கங்கள் நேராக உள்ள போத்தல் எதுவாயினும், அடி சமமாக இருப்பின், வாயை வெட்டித் திறந்தவெளியில் வைத்து அளவுகோலால் அளந்தால் மில்லிமீற்றர் நேரே கிடைக்கும். வாயின் அகலம் எவ்வளவாயினும் கணக்கு மாறாது. இதனை விஞ்ஞான பாடமாகவே நடத்தினேம். அச்சிறுவனின் லயத்தில் ஆறு காம்பராக்காரரும் கூடி முறைவைத்துக்கொண்டனர்: மழையிரவில் வீட்டுக்கு ஒருவர், இரண்டிரண்டு மணிநேரம் விழித்திருந்து போத்தலைப் பார்ப்பது, ஆபத்தெனில் முற்காலத்திற் பெரட்டுக்கு அழைத்ததுபோலத் தப்படித்து எழுப்புவது. மற்றையோர் உறங்கலாம்; உறங்குதல் அவர்க்குக் குற்றமாகாது. மூச்சுப்பயிற்சி அப்பொழுதுதான் அவர்களிடத்துப் பொருளுடையதாயிற்று என்று கருதுகின்றேம். இன்னொருவர் விழித்திருக்கின்றார் என்னும் நம்பிக்கை இல்லாதவிடத்து எந்தத் தியானமும் வெறும் மயக்கமே.

ஒன்று சொல்லாமல் விடலாகாது. சரிவை நேரிற் கண்டவர் சிலர்க்குக் கண்ணை மூடி அமர்ந்தால் அக்காட்சியே எழுகின்றது. அவர்களை வற்புறுத்தல் தீது. கண்ணைத் திறந்து, பாதம் நிலத்திற் படுதலை மாத்திரம் உணரச் சொல்லலாம்; வாரக்கணக்கில் உறக்கம் இல்லையேல் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவேண்டும். அங்கே போவதை அவமானமென்று கூறும் நாவுகள் எம்மவரிடத்து இன்னும் உள.

அச்சிறுவன் இப்பொழுது முதற்பாடத்தில் உறங்குவதில்லை. தந்தையார் இரண்டு மணி முதல் நான்கு மணி வரையுள்ள முறையை ஏற்றிருக்கின்றார். தாயாரோ, மழை விட்ட இரவுகளிலும் எழுந்து சென்று போத்தலைப் பார்த்து வருகின்றாராம். போத்தலில் ஒன்றும் இராது. பார்த்தபின் வந்து படுப்பார். சிலநாள் உறக்கம் வருகின்றது, சிலநாள் வருவதில்லை.