கறி போக மீதி

வெள்ளிக்கிழமை பொழுது விடிவதற்குள் குந்தாரப்பள்ளி சந்தையில் ஆடுகள் வந்து இறங்கிவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களோடு, எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம், ஆந்திரம் என்று மூன்று மாநில வியாபாரிகள் கூடுகிற இடம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விலை பேசுவார்கள். பழகிய வியாபாரி தராசைத் தேட மாட்டார். ஆட்டின் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார்: பால் பல்லா, இரண்டு பல் போட்டதா, நாலு பல்லா? பிறகு இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை அழுத்தி ஓட்டுவார். எலும்பு கூராகத் தட்டுப்பட்டால் ஒரு விலை, சதை மூடியிருந்தால் வேறு விலை. கறி எத்தனை கிலோ தேறும் என்பது அந்த விரல்களுக்குத் தெரியும்.

அந்தக் கணக்கில் பாதி ஆடு வருவதில்லை. உயிரோடு 30 கிலோ நிற்கிற ஆட்டில் கறியாகத் தேறுவது 13 முதல் 15 கிலோதான். தலை, கால், தோல், ரத்தம், குடல், ஈரல், இரைப்பையில் செரிக்காமல் கிடக்கும் தழை எல்லாம் மீதி. உயிருக்கு மரியாதை தருவதாகச் சொல்லிக்கொள்ளும் எந்தச் சமூகத்தையும் இந்த மீதியை வைத்து அளந்துவிடலாம்.

வட அமெரிக்காவில் ஒரு மானை முழுதாகப் பயன்படுத்துவதை இன்று வகுப்பு நடத்தியே சொல்லித் தருகிறார்கள். முதுகுத் தசைநாரை உலர்த்தி நூலாகப் பிரிப்பது, கொம்பைச் செதுக்கிக் கருவிக்குப் பிடி போடுவது, மானின் மூளையைக் கரைத்து அதன் தோலையே பதப்படுத்துவது என்று பூர்வகுடிகளின் கைவேலைகளை நகரத்துப் பிள்ளைகள் கற்கிறார்கள். எந்த விலங்குக்கும் அதன் தோலைப் பதனிடும் அளவுக்கு மூளை இருக்கிறது என்று அவர்களிடையே ஒரு பேச்சும் உண்டு. இங்கே அந்தப் பாடத்துக்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகள் 2014இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வந்தன. 2022இல் தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. மான் அங்கேயே மேயட்டும். மானிடம் கற்க வேண்டியதை ஆட்டிடம் கற்றுக்கொண்ட ஊர்கள் இவை.

அந்தக் கல்வி கத்திக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. அறுவடை முடிந்த நிலத்தில் இரவில் கிடை போட்டால் ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த விளைச்சலுக்கு உரம். இந்தப் பகுதிக் குறும்பர்கள் செம்மறி மயிரைக் கத்தரித்து, நூற்று, கம்பளி நெய்தவர்கள். அந்தக் கம்பளி குளிருக்கும் ஆனது, சாமி காரியத்துக்கும் ஆனது.

கத்திக்குப் பிறகு வருவது வேறு வகைத் திறமை. கறிக்கடை ஓரத்தில் நெருப்போடு உட்கார்ந்து தலையும் காலும் சுட்டுக் கொடுப்பவரைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். முடி பொசுங்க வேண்டும், தோல் வெடிக்கக் கூடாது. முடி தப்பித்து நிற்பது காதின் உள்மடிப்பிலும் குளம்பின் இடுக்கிலும்தான். அவர் கை அங்கேதான் அதிகம் போகும். சூடு ஆறுவதற்குள் குளம்பைத் தட்டிக் கழற்றிவிட்டு, மஞ்சள் தேய்த்துக் கத்தியால் சுரண்டுவார். கருகல் எல்லாம் போய்த் தோல் பொன்னிறத்துக்கு வரும். பிறகு மண்டையை மூளை சிதறாமல் இரண்டாகப் பிளக்க வேண்டும். தடவித் தடவி வெட்டினால் எலும்புச் சில்லு உள்ளே போய்விடும்.

வீட்டுக்குள் அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் கையில். ரத்தம் பிடிக்கும் பாத்திரத்தில் உப்பு போட்டு வைப்பதும், குடலைக் குச்சியில் கோத்து உள்பக்கத்தை வெளியே திருப்பி அலசுவதும் அவர்கள் சொல்லிக் கொடுத்து வருவது. போட்டியை வெந்நீரில் முக்கி எடுத்துத்தான் அதன் கறுப்புச் சவ்வைச் சுரண்ட முடியும். தண்ணீர் தளதளவென்று கொதித்துவிட்டால் சவ்வு ஒட்டிக்கொள்ளும், ஆறிப்போனால் உரியாது. எந்தச் சூட்டில் கையை எடுக்க வேண்டும் என்பது எந்தச் சமையல் புத்தகத்திலும் சரியாக எழுத வராத அறிவு. சுவரொட்டி, உடம்பில் ரத்தம் குறைந்தவருக்கு. கால் சூப்பு, எலும்பு முறிந்தவருக்கு. ரத்தப் பொரியல் களியோடு அன்றைக்கே தீர்ந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் உரியவர் ஒருவர் இருந்தார்.

மிஞ்சுவது தோல். அதற்கும் இந்த மண்ணில் மருந்து இருந்தது. சுண்ணாம்பில் ஊறவைத்து முடி களைந்த தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்துவது தென்னிந்தியாவின் பழைய முறை. பொங்கலுக்கு வாசலில் செருகும் அதே ஆவாரஞ்செடியின் பட்டைதான். பக்கத்து மாவட்டத்து வாணியம்பாடியும் ஆம்பூரும் தோலில் எழுந்த ஊர்கள். 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டபோது ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தொழில், தலைமுறை தலைமுறையாகக் கைகளில் இருந்ததுதான். சாமியை அழைக்கும் பம்பையிலும் உடுக்கையிலும் ஒலிப்பதும் தோல்தான்.

இவ்வளவும் கைவேலை. இதில் பக்தி எங்கே வருகிறது?

கிடா வெட்டுக்கு முன் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு ஊரே காத்திருக்கும். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். உதறாவிட்டால் மறுபடி தெளிப்பார்கள். என்ன குறை என்று பூசாரி சாமியிடம் கேட்பார். பழைய கிரேக்கர்களும் பலி விலங்கின் மேல் தண்ணீர் தெளித்து அது தலையசைக்கக் காத்திருந்ததாகப் பழைய நூல்களில் குறிப்புகள் உண்டு. ஈரம் பட்டால் எந்த ஆடும் உதறும்; இது மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்று பகுத்தறிவாளர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனாலும் அந்தக் காத்திருப்பில் ஓர் ஒப்புதல் இருக்கிறது: எடுக்கப் போவது தன்னுடையதல்ல என்று வெட்டுகிறவனே ஒப்புக்கொள்கிறான். மணிக்கு இத்தனை உருப்படி என்று ஓடும் நவீன இறைச்சிக்கூடத்தில் அந்த நிறுத்தத்துக்கு வழியில்லை.

பக்ரீத் குர்பானியில் கறியை மூன்று பங்காக்கி வீட்டுக்கு ஒன்று, உறவுக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்று கொடுக்கும் வழக்கம் உண்டு. தோலைத் தனக்கென்று விற்றுக் காசாக்கக் கூடாது. அது மதரசாவுக்கோ அறக்காரியத்துக்கோ போகும். விலங்கு முழுதும் கொடையாக வேண்டும் என்ற எண்ணம் அங்கேயும் தோல் வரைக்கும் நீள்கிறது.

இதற்கெல்லாம் எதிரே உறுதியாக நிற்கிற குரல் தமிழிலேயே உண்டு. திருக்குறளில் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு இன்னொன்று. தின்பதற்காக வாங்குகிறவர் இல்லையென்றால் விற்கிறவரும் இருக்க மாட்டார் என்பது வள்ளுவரின் வாதங்களில் ஒன்று. சந்தைக்காரருக்கு அது உடனே புரியும். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கி அணையா அடுப்பு மூட்டிய வள்ளலாருக்கு, கொல்வதில் மரியாதை என்ற பேச்சே பொருந்தாது. அரசும் இந்த வழக்கில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்தத் தமிழக அரசு 2003இல் உத்தரவிட்டது. கிராமங்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2004இல் அந்தச் சட்டமே விலக்கப்பட்டது.

முழு விலங்கையும் பயன்படுத்திவிட்டால் கொலை குற்றமில்லாமல் போய்விடுமா? போகாது. மகாபாரதத்தின் தர்மவியாதன் அப்படிச் சொல்லவும் இல்லை. கொக்கை எரித்த முனிவர், 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா' என்று நம் ஊர் வழக்கில் கேலிக்கு ஆளாகிறவர், தர்மம் கேட்கப் போய்ச் சேர்ந்தது மிதிலையில் மான் கறியும் எருமைக் கறியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு கசாப்புக்காரனிடம். தன் தொழில் கொடியது என்பதை அவன் மறைக்கவில்லை. தான் கொல்வதில்லை, உண்பதில்லை, ஆனால் இதைத்தான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, அதற்குள் எப்படி நேர்மையாக இருப்பது என்று பேசுகிறான். கொடுமையைக் கொடுமை என்று தெரிந்தே செய்பவனுக்குத்தான் வீணாக்கக் கூசும்.

ஆனால் தர்மவியாதனை முனிவர் தேடிப் போனது கதையில். நடப்பில் தோல் உரித்தவரும், பறை கட்டியவரும், செருப்புத் தைத்தவரும் சேரிக்குத் தள்ளப்பட்டார்கள். ஆட்டுக்கு மாலை போட்ட ஊர், அதை உரித்தவரைத் தொட மறுத்தது. காளத்தியில் கண்ணப்பர் பன்றிக் கறியைச் சுட்டு, பதம் பார்த்து, நல்ல துண்டைச் சிவனுக்குப் படைத்தார். பூசை செய்துவந்த சிவகோசரியார் அதைப் பார்த்துப் பதறினார். பெரியபுராணத்தில் சிவன் யார் பக்கம் நின்றார் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். மான் ஈன்று வேடர் வளர்த்த வள்ளியை முருகன் மணந்ததும் அவர்களுக்குத் தெரியும். கதையில் வேடனை ஏற்றுக்கொண்ட ஊர், தெருவில் அவனை ஏற்கவில்லை.

2020இல் இது அச்சிலும் வந்தது. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல், மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் சேர்ந்தே கச்சேரி மேடையின் நாதம் பிறக்கிறது என்பதையும், அந்தத் தோலைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள் என்பதையும் விரிவாகச் சொன்னது. வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது.

இப்போது மீதி வேறு விதமாக வீணாகிறது. ஆட்டுத்தோல் விலை சரிந்ததால் பக்ரீத்துக்குப் பிறகு சேர்ந்த தோலை எடுக்க ஆளில்லாமல் புதைத்த செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்தன. ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிறவருக்குக் குடல் கழுவ நேரமில்லை. துண்டு போட்ட கறி நெகிழிப் பையில் வருகிறது. அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் போட்டி கழுவத் தெரிந்த பாட்டியோடு அந்தச் சூட்டுக் கணக்கும் போய்விடும். பறை கட்டத் தெரிந்தவர் தன் மகனை அதிலிருந்து தப்பிக்க வைத்தால் அதில் வருத்தப்பட யாருக்கும் உரிமை இல்லை. அந்த வேலைக்கு இழிவு இல்லாமல் கூலியும் மதிப்பும் கிடைத்திருந்தால்தான் அவன் விரும்பித் தேர்ந்தெடுத்திருக்க முடியும்.

கறி தின்னாதவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அவர்கள் வள்ளலார் வழியில் போகலாம். தின்பவர்கள் அடுத்த முறை கிடா வெட்டுக்கு நாள் குறிக்கும்போது விழாக் கமிட்டியில் இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒன்று, தோலும் குடலும் எங்கே, யாரிடம், என்ன விலைக்குப் போகின்றன என்பது. இன்னொன்று, உரித்தவருக்கும் பம்பைக்காரருக்கும் முதல் பந்தியில், மற்றவர்களோடு ஒரே வரிசையில் இலை போடுவது. அது முடியாத ஊர், ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து உத்தரவு கேட்பதை விட்டுவிடலாம்.