மிச்சம் பிடித்த இடம்

பள்ளி விடுமுறையில் நான் தங்கும் கொட்டாஞ்சேனைத் தோட்டத்துச் சாச்சி வீட்டில் கட்டில் இல்லை. பாயைச் சுருட்டினால் கூடம், விரித்தால் படுக்கையறை. பேத்தி எழுதுவது பெட்டகத்தின் மேல். இட நெருக்கடியை வென்ற கெட்டிக்காரத்தனம் என்று மெச்சுகிறோம். மிச்சம் பிடித்தது யாருடைய இடத்தை? விருந்தாளி வந்தால் எழுந்து கொடுப்பது படிக்கும் பிள்ளை. எல்லோரும் படுத்த பின் பாய் விரிப்பவள் தாய்.

2001இல் பொரளையில் 'சஹஸ்புர' 14 மாடிகளுடன் எழுந்தது. 2010க்குப் பின் நகர அபிவிருத்தி அதிகார சபையும் தோட்டத்து மக்களை அடுக்குமாடிகளில் குடியேற்றியது. பல வீடுகள் 400, 500 சதுர அடி. உள்ளேயே குழாய்த் தண்ணீரும் கழிவறையும். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், தோட்டத்து வீட்டின் பாதி ஒழுங்கையில்தான் இருந்தது. உடுப்புக் காய்வதும் அப்பம் சுடுவதும் வயதானவர்கள் கதைத்திருப்பதும் அங்கேதான். சதுர அடி அளந்தவர்கள் ஒழுங்கையை அளக்கவில்லை. வெள்ளவத்தையில் தொடர்மாடி வாங்குபவரோ கார் நிறுத்தும் இடத்தையும் உறுதியில் எழுதி வாங்குகிறார்.