வரப்போகிறவரும் இருக்கிறவரும்

செராஸ் காற்பந்து அரங்கத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு மாமாக் கடை. பண்டார் துன் ரசாக் எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி ஆட்டம் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் திரும்பும்போது அங்கே ஒரு தே தாரேக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். 2023ஆம் ஆண்டின் நடுவில் ஓர் இரவு அங்கே உட்கார்ந்திருந்தேன். கோலாலம்பூர் சிட்டியின் பயிற்றுநர் போஜான் ஹோடாக் இந்தோனேசியாவின் பெர்சிப் பண்டுங் குழுவுக்குப் போகிறார் என்ற செய்தி வந்திருந்த நேரம். நாற்காலி காலி. கடை நிறைந்திருந்தது.

“வெளிநாட்டுக் கோச்தான் சரி. நம்மாளு சொன்னா பையனுங்க கேக்க மாட்டானுங்க” என்றார் ஒருவர். லோரி ஓட்டுகிறவர், ஆட்டம் இருக்கும் நாளில் வேலையை மாற்றிக்கொள்கிறவர். “ஏண்ணே, தேவனைக் கூப்பிட்டா என்ன? 2021இல நெகிரி செம்பிலானுக்குப் பிரிமியர் லீக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர்தானே? நம்மாளுக்கு எப்பத்தான் தரப்போறாங்க?” என்றான் எதிரே இருந்த இளைஞன். மூன்றாமவர் சம்பளக் கணக்குப் போட்டார். நானும் விடவில்லை. எனக்குப் பிடித்த ஒரு பெயரைச் சொல்லி, அதற்காக அரை மணிநேரம் வாதாடினேன்.

வீட்டுக்கு வந்து படுத்தபின்தான் உறைத்தது. இரண்டு மணிநேரத்தில் ஏழெட்டுப் பெயர்களைப் பேசியிருந்தோம். வருகிறவர் முதல் மூன்று மாதம் தோற்றால் நாங்கள் என்ன செய்வோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு புதிய ஆள் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புவதற்குக் கோலாலம்பூர் ரசிகனுக்குக் காரணம் இருக்கிறது. 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மலேசியக் கிண்ணத்தை வென்ற ஊர் இது. பிறகு 32 ஆண்டுகள் அந்தக் கிண்ணம் கைக்கு வரவில்லை. 2021இல் ஹோடாக் வந்தார். அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் ஜோகூர் டாருல் தாக்சிமை 2-0 என்று வீழ்த்திக் கிண்ணத்தைத் தூக்கினார்கள். மறு ஆண்டு ஏ.எஃப்.சி. கிண்ண இறுதியாட்டம் வரைக்கும் போனார்கள். வந்த ஆண்டிலேயே கிண்ணம்! அதைக் கண்ணால் பார்த்தவனுக்கு “ஆள்தான் முக்கியம்” என்று தோன்றாமல் எப்படி இருக்கும்?

ஆனால் அந்த 2-0 ஆட்டத்தின் இரண்டாவது கோலை அடித்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். பாவ்லோ ஜோசுவே. 2017லிருந்தே இந்தக் குழுவில் இருந்தவர். மேலே ஏறியபோதும் இருந்தார், 2019இல் கீழ் லீக்குக்கு இறங்கியபோதும் இருந்தார். ஹோடாக் என்ற விளக்கை ஏற்றிய அன்று, அதில் பல ஆண்டு எண்ணெய் ஏற்கெனவே ஊற்றியிருந்தது.

இன்னொரு கணக்கும் மனதில் கிடக்கிறது. தேசியக் குழுவின் கணக்கு. அதிலும் நம்மவர்கள் இருவரின் கணக்கு.

2007 ஆசியக் கிண்ணப் போட்டியில் மலேசியா சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என்று சொந்த மண்ணில் தோற்றபின் பொறுப்புக்கு வந்தவர் பி. சத்தியநாதன். அந்த ஆண்டே மெர்டேக்கா கிண்ணத்தை வென்றார். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு எமிரேட்சிடம் 0-5. அடுத்த சில வாரங்களில் அவரைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவருக்குப்பின் கே. ராஜகோபால். 2009 டிசம்பரில் வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் இளையர்களை வைத்துத் தங்கம் வென்றார். அதற்குமுன் மலேசியா காற்பந்தில் அந்தத் தங்கத்தைப் பார்த்தது 1989இல். ஆனால் 2010 டிசம்பர் 1ஆம் தேதி, தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில், ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5. அன்றிரவு கடையில் என்ன பேசினோம் என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஓராண்டுக்கு முன் “நம்ம ராஜகோபால்” என்று நெஞ்சை நிமிர்த்தியவர்கள், அடுத்து யாரைப் போடலாம் என்று பெயர் தேட ஆரம்பித்துவிட்டோம்.

சத்தியநாதன் வாங்கியதும் ஐந்து கோல், ராஜகோபால் வாங்கியதும் ஐந்து கோல். அவருக்குக் கதவு மூடியது. இவருக்கு இன்னும் மூன்று நாள் கிடைத்தது. இவரை நாம் அதிகம் நம்பினோம் என்பதல்ல காரணம். டிசம்பர் 4ஆம் தேதி தாய்லாந்தோடு ஆட்டம் இருந்தது. போட்டி நடுவில் பயிற்றுநரை மாற்றுவது அரிது. நம்மிடம் இல்லாத பொறுமையை அட்டவணை நமக்குக் கடனாகக் கொடுத்தது. தாய்லாந்தோடு 0-0. லாவோசை 5-1. அரையிறுதியில் வியட்நாமைத் தாண்டினார்கள். புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0. டிசம்பர் 29ஆம் தேதி ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் ஃபிர்மான் உத்தினா அடித்த பெனால்டியைக் காய்ருல் ஃபாமி பிடித்தார். அன்று 1-2 என்று தோற்றும், மொத்தம் 4-2 என்று கிண்ணம் நமக்கு. 31ஆம் தேதி நாடு முழுக்கப் பொதுவிடுமுறை. ஐந்து கோல் வாங்கிய இரவிலிருந்து கிண்ணம் தூக்கிய இரவுவரை இருபத்தெட்டே நாள்.

அந்த நாள்களில் ராஜகோபாலுக்கு உதவியாக நின்றவர் தான் செங் ஹோ. பல பயிற்றுநர்கள் வந்துபோன பிறகு, 2017 கடைசியில் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அதற்குச் சற்றுமுன் போர்ச்சுகல்காரர் நெலோ விங்காடா ஒரு வெற்றிகூடக் காணாமல் விலகியிருந்தார். விங்காடாவிடமும் உதவியாளராக இருந்த தான் செங் ஹோ, 2018இல் அதே கிண்ணத்தின் இறுதியாட்டம் வரைக்கும் குழுவைக் கொண்டுபோனார். தூரத்தில் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது, பதில் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

பொறுமைக்கு இன்னோர் உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அமெரிக்கர்கள் ஆடும் காற்பந்து வேறு. கையில் பந்தை ஏந்தி ஓடுகிற ஆட்டம். அங்கே பல்கலைக்கழகப் பயிற்றுநர் நாற்காலி காலியானால் ஊரே தூங்காது. அலபாமா பல்கலைக்கழகத்துக்கு நிக் சேபன் வந்த முதல் ஆண்டான 2007இல், மிகச் சிறிய குழுவான லூசியானா-மன்ரோவிடம் சொந்த மைதானத்திலேயே தோற்றார். அந்தப் பருவம் ஏழு வெற்றி, ஆறு தோல்வி என்று முடிந்தது. பிறகு அதே ஊரில் ஆறு தேசியப் பட்டங்கள் வென்றார். அந்த முதல் ஆண்டு அவரோடு சகித்து இருந்தவர்களுக்குத்தான் அந்த ஆறும் சொந்தம் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் பேசுகிற நான் ஒரு காலத்தில் வேறு மாதிரி நடந்துகொண்டவன். அதையும் சொல்ல வேண்டும்.

பதினைந்து ஆண்டுகளுக்குமுன் எங்கள் தாமானில் பதினேழு வயதுக்குட்பட்ட பையன்களுக்கு ஒரு காற்பந்துக் குழு இருந்தது. செயற்குழுவில் நானும் ஒருவன். பயிற்சி கொடுத்தவரை எல்லாரும் மாஸ்டர் என்போம். சாயங்காலம் ஐந்தரைக்குக் கப்சாயில் வருவார்; பின்னால் பந்து வலை தொங்கும். அந்த ஆண்டு நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றோம். கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். லைசென்ஸ் உள்ள புதியவர் ஒருவர் வரத் தயாராக இருப்பதாக ஒருவர் சொன்னார். இருபது நிமிடத்தில் முடிவாகிவிட்டது. நானும் கையைத் தூக்கினேன்.

மறுநாள் மாஸ்டர் வந்து ஸ்டோர் சாவியையும் ஒரு 555 நோட்டையும் என் கையில் வைத்தார். மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்ன நோட்டு. “பையனுங்களப் பாத்துக்குங்க சார்” என்றார். அவ்வளவுதான். கப்சாய் கிளம்பிவிட்டது.

அந்த நோட்டைப் பல நாள் கழித்துத்தான் திறந்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பையன். பூட்ஸ் அளவு. இடது முட்டியில் வலி, தார் ரோட்டில் ஓடவிடக் கூடாது. அம்மாவுக்கு இரவு ஷிப்ட், வீட்டில் கொண்டுபோய் விடணும். இவன் சாப்பிடாமல் வருவான், முதலில் ரொட்டி, பிறகுதான் ஓட்டம். கடைசிப் பக்கங்களில் அந்த நான்கு ஆட்டங்களின் தேதி. அதன் கீழே ஐந்து பெயர்கள். பக்கத்தில் ஒரே வரி: எஸ்.பி.எம். சோதனைத் தேர்வு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் குழுவின் சிறந்த ஐந்து பேரைப் படிக்க அனுப்பிவிட்டு மிச்சமிருந்தவர்களை வைத்து ஆடியிருக்கிறார். நாங்கள் கோல் கணக்கை மட்டும் கேட்டோம். ஏன் என்று கேட்கவில்லை. புதியவர் நல்லவர்தான், விஷயம் தெரிந்தவர். எட்டு மாதத்தில் வேறிடத்திலிருந்து அழைப்பு வந்தது, போய்விட்டார். அதற்குள் பாதிப் பையன்கள் பாடாங்குக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். பசியோடு வருகிறவனுக்கு ரொட்டி வாங்கித்தர வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? நோட்டு என் மேசைக்குள் அல்லவா கிடந்தது!

வள்ளுவர் ஒருவரைத் தேர்வதற்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அதற்கு அடுத்த அதிகாரத்தையே, தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பதற்கு ஒதுக்கினார். தெரிந்து தெளிதல் 51, தெரிந்து வினையாடல் 52. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில் பொருள் இருக்கிறது. ஆராயாமல் நம்புவதும் கேடு, நம்பியபின் சந்தேகப்படுவதும் கேடு என்கிறார். நாம் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். கோவில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதும், பிள்ளைக்கு டியூஷன் வாத்தியார் பார்க்கும்போதும், வீட்டுக்கு மருமகளோ மருமகனோ தேடும்போதும் இதேதான். தேடும்வரைக்கும் ஊரைக் கூட்டிப் பேசுகிறோம். வந்தவரோடு இருக்க வேண்டிய காலத்தில் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துவிடுகிறோம். வரப்போகிறவரிடம் குறை இருப்பதில்லை, ஏனென்றால் அவர் இன்னும் வரவில்லை. இருக்கிறவர் மேல்தான் எல்லாக் குறையும் தெரிகிறது, ஏனென்றால் அவர்தான் தினமும் நம் கண்முன் நிற்கிறார்.

எல்லாரையும் எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. 2015 செப்டம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்சிடம் 0-10 என்று தோற்றபின் டோல்லா சாலே விலகினார். ஆட்டக்காரராக நாம் கொண்டாடியவர் அவர். பிரிய வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. அதைக் கோல் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. ஏன் தோற்றோம் என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும். அவர் கையில் வளர்கிறவர்கள் நேற்றைவிட இன்று தேறியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் செய்துவிட்டு எடுக்கிற முடிவு தவறாகப் போனாலும், அதில் அநியாயம் இருக்காது. நாங்கள் மாஸ்டருக்குச் செய்தது அநியாயம்.

எங்கள் தாமானில் இப்போது மறுபடியும் ஒரு சின்னக் குழு ஓடுகிறது. பயிற்சி கொடுப்பவன் இருபத்தாறு வயதுத் தம்பி. போன சனிக்கிழமை 0-4, அதற்கு முந்தின வாரம் 1-3. வேலியோரம் நின்ற பெற்றோர்கள் வேறு பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தபின், அவன் மட்டும் கோன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கிட்டே போய், “என்ன தம்பி நடந்துச்சு?” என்று கேட்டேன். முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு பேச ஆரம்பித்தான். எந்தப் பையன் எந்த இடத்தில் ஆடப் பயப்படுகிறான், அடுத்த மாதம் யாரை எங்கே மாற்றிப் பார்க்கப்போகிறான் என்று கால்மணி நேரம் சொன்னான். பாதி எனக்குப் புரியவில்லை. முழுக்கக் கேட்டேன்.

அடுத்த வாரம் வரும்போது அந்த 555 நோட்டைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். பந்து வலையின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். ஸ்டோர் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தோம்.