திருட்டு மாங்காய்

பக்கத்து வீட்டில் திருட்டு. மறுநாள் காலை உங்கள் திண்ணையில் ஒரு கட்டுக் கடிதங்கள் கிடக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரருடையவை. திருடனே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பிரித்துப் படிப்பீர்களா?

'சேச்சே!' என்கிறீர்கள். சரி, நம்பிட்டேன்.

2016-ல் அமெரிக்கப் பத்திரிகைகள் படித்தன. அதிபர் தேர்தல் சமயம். ஹிலாரி கிளிண்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, 'பாஸ்வேர்டை மாற்றுங்கள்' என்று கூகுள் அனுப்பியது மாதிரியே ஒரு மெயில் வந்தது. ஒரு க்ளிக்... 50 ஆயிரம் மெயில்களுக்கு மேல் போயே போச்சு! அதை விக்கிலீக்ஸ் தவணை முறையில் வெளியிட, பத்திரிகைகள் தினம் தினம் தலைப்புச் செய்தி போட்டன. பொடெஸ்டா ரிஸோட்டோ என்கிற இத்தாலியச் சோற்றைக் கிளறும் பக்குவம்கூடச் செய்தியானது!

திருடியவர்கள் ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் என்று 12 பேர் மீது 2018-ல் அமெரிக்க அரசு குற்றம்சாட்டியது. ரஷ்யா மறுத்தது. ஆள் கையில் கிடைத்தால்தானே விசாரணை?

2024-ல் ட்ரம்ப் பிரசாரக் குழுவின் ஆவணங்கள் திருடு போயின. இந்த முறை அமெரிக்கா கைகாட்டியது ஈரானை. 'நியூயார்க் டைம்ஸ்', 'வாஷிங்டன் போஸ்ட்', 'பொலிட்டிகோ' மூன்றுக்கும் ஆவணங்கள் வந்தன. மூன்றுமே அவற்றை வெளியிடவில்லை.

பரவாயில்லையே, திருந்திட்டாங்க என்று கைதட்டலாம். ஆனால், 'எங்க மெயிலுக்கு மட்டும் இந்த தர்மம் எங்கே போச்சு?' என்று கிளிண்டன் கட்சிக்காரர் கேட்டால் என்ன பதில்?

அதற்காக, திருட்டுக் காகிதத்தைத் தொடவே கூடாது என்று சட்டம் போட்டால் அரசாங்கங்களுக்குத்தான் கொண்டாட்டம். வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்கள் 1971-ல் வெளியானதும் அனுமதி வாங்கி அல்ல. 'எல்லாம் அந்நிய நாட்டுச் சதி' என்றே எந்த ஊழலையும் மூடிவிடலாம்.

நான் படித்தது பி.காம். ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே ஒரு வரவு இருந்தாகணும் என்பது முதல் பாடம். ஒரு ரகசியம் ஓசியில் வருகிறதா? எதிர்ப் பக்கத்தில் லாபம் யாருக்கு என்று பாருங்கள். ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயமா, தாராளமாகப் போடட்டும். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், திருடியது யார், ஏன் என்பதையும் போடட்டும். சோற்றுப் பக்குவத்தை விட்டுவிடட்டும்.

திருட்டு மாங்காய்க்கு ருசி அதிகம்தான். ஆனால், இத்தனை வீடு இருக்க, நம் திண்ணையாகப் பார்த்து அதை ஏன் வைத்துவிட்டுப் போனான்?

கடிப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.