வேலை செய்யாத நாட்களின் சம்பளம்

மார்க்க விஷயத்தில் பேணுதலாக நடப்பது சிறந்தது என்பதில் யாருக்கும் ஐயம் கிடையாது. ஆனால் பேணுதலைச் சொல்லிக் கொடுப்பவன் ஒருவன், அதனால் நஷ்டப்படுபவர் வேறொருவர் என்றால், அதற்கும் பேணுதல் என்றுதான் பெயரா? சென்ற ஆண்டு இந்தக் கேள்வியை என்னிடமே நான் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

இராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். ஆஸ்பத்திரிகளில் காயத்திற்குக் கட்டும் துணியில் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலிருந்துதான் போகிறது. நம் வீட்டுப் பெண்களிலும் பலர் இங்கே வேலைக்குப் போகிறார்கள். போகலாமா, கூடாதா என்ற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். போகிறார்கள், அந்தச் சம்பளத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

ஒரு நாள் மாலை, மாமியாரும் மருமகளுமாக இருவர் எங்கள் வீட்டிற்கு வந்தனர். மருமகளுக்கு ஏழாம் மாதம். நாற்பது ஐம்பது பேர் வேலை செய்யும் ஓரிடத்தில் மூன்றாண்டுகளாகக் கணக்கு எழுதி வருபவர். பிள்ளைப்பேற்றுக்கு விடுப்புக் கேட்டதற்கு, ராஜினாமாக் கடிதம் எழுதித் தரும்படியும், பிறகு பார்த்துப் புதிதாகச் சேர்ந்துகொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். என் மனைவி மூலமாகக் கேள்வி உள்ளிருந்து வந்தது. "வேலையே செய்யாம ஆறு மாசம் சம்பளம் வாங்குறது ஹலாலா? ஹஜ்ரத்துகிட்ட கேட்டுச் சொல்லுங்கம்மா. ஹராமான காசு பிள்ளை வயித்துக்குப் போயிடக் கூடாது." கேட்டவர் மாமியார்தான்.

நான் கிதாபை விரிக்கவில்லை, சட்டம் என்ன சொல்கிறது என்றும் விசாரிக்கவில்லை. கூலி என்பது வேலைக்குப் பகரம்; வேலை இல்லாதபோது சந்தேகம் வருகிறது; சந்தேகமானதை விட்டுவிடுவதே பேணுதல் என்று சொல்லியனுப்பினேன். மறுநாளே அந்தப் பெண் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஷஅபான் பிறந்தது. மத்ரஸாவிற்கு விடுமுறை விட்டார்கள். ரமளான் முழுவதும் நான் ஒரு பாடமும் நடத்தவில்லை. மாத முடிவில் நிர்வாகத்தார் சம்பளக் கவரைக் கையில் தந்தபோதுதான் என் மனம் உறுத்தியது. இத்தனை ஆண்டுகளாக இந்த விடுமுறைச் சம்பளத்தை வாங்கி வருகிறேனே, இது ஹலாலா என்று ஒரு தடவையேனும் கேட்டேனா? ஏழாம் மாதக் கர்ப்பிணிக்கு ஒரு நிமிடத்தில் பேணுதல் சொன்ன நாவு, தன் கவரைப் பார்த்ததும் ஏன் அசையவில்லை?

அதன் பிறகே கிதாபுகளைத் திறந்தேன். இமாம் இப்னு நுஜைம் (ரஹ்) அவர்கள் 'அல்அஷ்பாஹ் வந்நளாயிர்' என்னும் நூலில் இதே மஸ்அலாவை, அதாவது ஆசிரியர்களின் விடுமுறை நாட்களுக்குரிய ஊதியத்தை, வழக்கத்தின் விதிகளோடு சேர்த்துப் பேசியிருக்கிறார்கள். இன்னின்ன நாட்களில் வேலை இராது, ஆனால் ஊதியம் உண்டு என்பது இரு தரப்புக்கும் தெரிந்த வழக்கமாக இருக்குமானால், அது வாயால் பேசிய நிபந்தனையைப் போன்றதே. எங்களுக்கு அந்த ஆதாரம் செல்லும் என்றால் அந்தப் பெண்ணுக்கு அதைவிட நன்றாகவே செல்ல வேண்டும். எங்களுடையது வழக்கம். அவருடையதோ எழுதப்பட்ட சட்டம்.

அந்தச் சட்டம் சொல்வது இதுதான். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுப்பைத் தந்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம் அதை 26 வாரமாக்கியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம் இடம் பெற்றுள்ளது. அதில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்னரே எடுக்கலாம். உயிருடன் இரண்டு பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ளவருக்கு 12 வாரம். முந்திய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். கரு கலைந்துபோனால் 6 வாரம். வேலைக்குத் திரும்பிய பின், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்காகத் தினமும் இரண்டு இடைவேளைகள். தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்தக் காரணத்திற்காக நீக்கக் கூடாது என்பதும் சட்டமே. அதனால்தான் நீக்குவதில்லை, ராஜினாமா எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்!

இன்னொரு செய்தி என்னை மேலும் தலைகுனிய வைத்தது. அவருடைய கணவரை வரச் சொல்லிச் சம்பளச் சீட்டைப் பார்த்தேன். மாதந்தோறும் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தது. இத்திட்டத்தில் தொழிலாளி தம் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி மூன்றேகால் ரூபாயும் செலுத்துகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். இவர்களுக்குப் பேறுகாலப் பணத்தைத் தருவது ஈ.எஸ்.ஐ. கழகமேயன்றி முதலாளி அல்ல. ஆக, அவர் தாமும் பங்கு செலுத்திய நிதியிலிருந்து அவருக்கு வர வேண்டியதைத்தான் நான் சந்தேகமான காசு என்றேன்.

இனி, சட்டத்தை விடுத்து மார்க்கத்தையே பார்ப்போம். பிள்ளை பெற்றவளுக்கு நிஃபாஸ் நாட்களில் தொழுகை கிடையாது. ஹனஃபி மத்ஹபில் 40 நாள் வரை, ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள் வரை. விட்ட தொழுகையைப் பிறகு களா செய்யவும் வேண்டியதில்லை. கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பைப் பிற்படுத்திக்கொள்ளச் சலுகை உண்டு. ரப்புல் ஆலமீன் தன்னுடைய ஹக்கையே தள்ளி வைக்கின்ற நாட்களில், ஓர் அடியான் தன் கணக்குப் புத்தகத்திற்காக அவளைக் கூப்பிடுவானாகில் அவனை என்னவென்று சொல்வது?

"தள்ளி வைப்பது சரி, ஹஜ்ரத். வேலை இல்லாத நாளுக்குப் பணமும் தர வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு பத்ருப் போரை நினைவூட்டுகிறேன். ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு முஸ்லிம்கள் பத்ருக்குப் புறப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் ருகையா (ரலி) அவர்கள் கடும் நோயுற்றிருந்தார்கள். அவர்களுடைய கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் போருக்கு அழைத்துச் செல்லவில்லை. மனைவியைக் கவனிக்கும்படி மதீனாவிலேயே இருக்கச் சொன்னார்கள். போரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் கனீமத்தில் ஒரு பங்கும் அவருக்கு உண்டென்று அறிவித்தார்கள். புகாரி ஷரீபில் உள்ள செய்தி இது. களத்தில் வாளே எடுக்காதவருக்கு, நோயுற்ற மனைவியின் அருகிலிருந்ததற்காகப் பங்கு! இதை வைத்து ஃபத்வா கொடுக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்; அது பெரிய முஃப்திகளின் வேலை. வேலை செய்யாத நாளுக்குப் பங்கு கொடுப்பது நம் தீனுக்கு அந்நியமானதல்ல என்பதற்கு எனக்கு இது போதும்.

தனியார் வேலையில் இருப்பவர் மனைவியையோ தாயையோ கவனிக்கச் சம்பளத்தோடு விடுப்புப் பெற நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. பிள்ளை பிறந்தால் தந்தைக்கு 15 நாள் என்பது மத்திய அரசு ஊழியருக்கு உண்டு. மில் தொழிலாளிக்கு இல்லை. முஸ்லிம் முதலாளி ஒருவர் தாமாகவே முன்வந்து இதைக் கொடுப்பாரானால், உஸ்மான் (ரலி) அவர்களுக்குக் கிடைத்ததைத்தான் தம் ஆளுக்கும் கொடுத்தவராவார்.

சட்டம் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நடந்தது. பால்குடி மறந்த பிள்ளைகளுக்குத்தான் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்று விதி இருந்தது. ஓர் இரவு ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டு விசாரித்தார்கள். அந்தத் தொகைக்காகவே தாய் சீக்கிரம் பாலை நிறுத்துகிறாள் என்று தெரிய வந்தது. உமர் (ரலி) அவர்கள் கண் கலங்கி, பிறந்த பிள்ளைக்கே தொகை என்று விதியை மாற்றினார்கள். தாயைக் குறை சொல்லவில்லை. தாம் போட்ட விதியைத் திருத்தினார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு விதி நீதிமன்றத்திற்குப் போயிற்று. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். மணவிலக்கான பின் மறுமணம் செய்து கருவுற்று 2021இல் விடுப்புக் கேட்டார். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இல்லை என்று மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் ஒரு தடவை வென்று, மறு தடவை தோற்று, கடைசியில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் அவருக்கு நியாயம் கிடைத்தது. விடுப்புக் கேட்ட பிள்ளைக்கு அதற்குள் மூன்று வயதாகியிருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆறு பேரை வைத்துப் பால்கோவா கிண்டி விற்கும் சகோதரர் ஒருவர், "பத்துப் பேருக்குக் குறைவான கடையைச் சட்டம் கட்டாதே?" என்று கேட்டார். கட்டாதுதான். ஆறு மாதச் சம்பளத்தை அவர் தலையில் கட்ட நானும் துணியமாட்டேன். அவருடைய அடுப்பும் எரிய வேண்டும். ஆனால் இடத்தைக் காலியாக வைத்திருந்து திரும்பச் சேர்த்துக்கொள்ள அவருக்குச் செலவில்லையே என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

விடுப்புப் பணத்தை வாங்கிக்கொண்டே ரகசியமாக இன்னோரிடத்தில் வேலை பார்ப்பது ஏமாற்று, அது ஹராம். இதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தப் பெண்ணிற்காக ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க நானும் அவர் கணவரோடு போனேன். கடிதத்தைத் திரும்பப் பெற்று வேலையை மீட்க முடியவில்லை. தொழிலாளர் துறைக்கு மனு போயிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வீட்டில் அகீகாவுக்கு அழைத்திருந்தார்கள். தயக்கத்தோடுதான் போனேன். வாசலிலேயே அந்த அம்மா, "ஹஜ்ரத், அன்னைக்கு வேண்டாம்னீங்க. இப்ப வாங்கலாம்ங்கறீங்க. எது சரி?" என்றார். அன்றைக்குச் சொன்னது தவறு, விவரமாக எழுதித் தருகிறேன் என்றேன். அவர்களுக்காக எழுதியதுதான் இது.